நான் இப்போ எந்த ஊர் வாக்காளர்?

(பேச்சின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை வழக்கமான ரூம்ல இருந்து பேசல. ஊருக்கு வந்திருக்கேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கிற மேலகரம், எங்க வீட்டு மாடி. பின்னாடி அடிக்கடி ஹாரன் கேட்கும், மன்னிச்சிடுங்க. மார்கழி மாசம், ஐயப்ப பக்தர்கள் பஸ் வரிசையா குற்றாலத்துக்குப் போயிட்டிருக்கு.

வருஷக் கடைசி லீவுல ஒரு ஜாலியான எபிசோட் பண்ணலாம்னுதான் இருந்தேன். ஆனா டிசம்பர் 19-ஆம் தேதி வரைவு வாக்காளர் பட்டியல் வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு சும்மா என் பேரைத் தேடிப் பார்த்தேன். அப்பா இருக்காரு, அம்மா இருக்காங்க, ஆச்சி இருக்கு. நான் இல்ல. நீக்கப்பட்டவங்க பட்டியல்ல தேடினா அங்க இருக்கேன். பேருக்கு எதிர்ல காரணம், இடம் பெயர்ந்தவர்.

அம்மாகிட்ட கேட்டேன். "ஆமா, அந்த அங்கன்வாடி அக்கா ஃபாரம் கொண்டாந்தா. உனக்கும் ஒண்ணு தந்தா. நீ எங்கன்னு கேட்டா, மெட்ராஸ்ல இருக்கான்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்லுத?" அம்மா சொன்னது உண்மைதானே? அந்த அக்கா எழுதிக்கிட்டதும் உண்மைதான். இதுல மறைச்ச ஒரு விஷயத்தை நான் உங்ககிட்ட சொல்லணும். நவம்பர்ல அம்மா எனக்கு போன் பண்ணாங்க. "உன் ஃபாரத்துல நான் கையெழுத்துப் போடலாமாம், 2002 லிஸ்ட் விவரம் கேக்காவ, எப்படின்னு சொல்லு"ன்னு. நான் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல இருந்தேன். "அப்புறம் பாக்கலாம்மா, ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.

ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது. இந்த வாக்கியத்தை நாம எல்லாருமே சொல்லியிருக்கோம். ஆனா இதைச் சொல்லக் கூடாத ஊர்னு தமிழ்நாட்டுல ஒண்ணு இருந்தா, அது என் தொகுதிதான். குற்றாலம் பேரூராட்சி, மேலகரம் எல்லாம் சேர்ந்த தென்காசி சட்டமன்றத் தொகுதி.

2016 தேர்தல். அதிமுக சார்புல செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரஸ் சார்புல பழனி நாடார். செல்வமோகன்தாஸ் பாண்டியன் ஜெயிச்சாரு. வித்தியாசம் 462 ஓட்டு. 2021, அதே ரெண்டு பேர் திரும்ப மோதுறாங்க. பழனி நாடார் 89,315, செல்வமோகன்தாஸ் பாண்டியன் 88,945. வித்தியாசம் 370. அஞ்சு வருஷ இடைவெளியில அதே ரெண்டு பேர், ரெண்டு தடவையும் ஐந்நூறுக்குள்ள. தோத்தவர் கோர்ட்டுக்குப் போனாரு. ஐகோர்ட் உத்தரவுப்படி 2023 ஜூலையில தபால் ஓட்டுகளை மறுபடியும் எண்ணினாங்க. முடிவு மாறல. ஆனா ரெண்டு வருஷமா ஒரு தொகுதியே "அந்தத் தபால் ஓட்டு என்னாச்சு?"ன்னு டீக்கடையில பேசிட்டு இருந்துச்சு.

2021 ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. நான் எங்க இருந்தேன்? சென்னையில மாட்டிக்கிட்டேன், பொதிகை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைக்கலன்னு சொன்னா நல்லா இருக்கும். ஆனா அப்போ வொர்க் ஃப்ரம் ஹோம். இதே வீட்ல இருந்தேன். பூத் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஸ்கூல். அன்னிக்கு ராத்திரி ஒரு ரிலீஸ் இருந்துச்சு. ஆச்சி மூணு தடவை கூப்பிட்டுச்சு. "ஏய்யா, கூட்டம் கம்மியா இருக்காம், வாரியா?" மூணாவது தடவை நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டேன்.

நேத்து எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போல் போட்டேன். "2021-ல தென்காசி தொகுதியில பேர் இருந்தும் ஓட்டுப் போடாதவங்க யார் யாரு?" நாற்பத்தி ஒண்ணு பேர் டிக் பண்ணியிருக்கானுங்க. இந்த மாதிரி ஒன்பது குரூப் போதும், 369. இன்னும் ஒருத்தன் வேணும், அது என் தம்பின்னு வச்சுக்கோங்க.

சரி, இப்போ கமெண்ட்ல ஒருத்தர் வருவாரு. "ப்ரோ, அந்த நாற்பத்தோரு பேரும் ஒரே ஆளுக்கா போட்டிருப்பான்? பாதி இங்க, பாதி அங்க, மிச்சம் நோட்டா. நெட் ஜீரோ." கரெக்ட். நானே இதைத்தான் யோசிச்சேன். அதைவிட, 370 வித்தியாசத்துல என் ஒரு ஓட்டு சேர்ந்திருந்தா 371 இல்லனா 369. முடிவு அதேதான். தமிழ்நாட்டுலயே ரொம்ப நெருக்கமான தொகுதிகள்ல ஒண்ணுல இருந்தும் என் ஓட்டு ஒண்ணையும் மாத்தியிருக்காது. அந்தோணி டவுன்ஸ்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1957-லயே இதை எழுதிட்டாரு. உன் ஓட்டு முடிவை மாத்துற வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், பூத்துக்குப் போற செலவு பூஜ்யம் இல்ல, அப்புறம் ஏன் ஜனங்க போறாங்க? அவருக்கே அது ஒரு புதிர்.

அமெரிக்காவுல 2000-ல நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புளோரிடா மாகாணத்துல கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டு விழுந்து, புஷ் 537 ஓட்டுல ஜெயிச்சாரு. அதை வச்சே ஜனாதிபதி ஆனாரு. நாடு முழுக்கப் பார்த்தா அல் கோர் 5 லட்சத்துக்கும் மேல கூடுதலா வாங்கியிருந்தாரு. "பாத்தியா, ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்"னு சொல்லுறவங்களும் இந்தக் கதையைத்தான் சொல்லுவாங்க, "பாத்தியா, அதிகம் ஓட்டு வாங்கினவனே தோத்தான், இதெல்லாம் நாடகம்"னு சொல்லுறவங்களும் இதைத்தான் சொல்லுவாங்க. நம்மூர்ல சலிப்புக்குக் காரணம் வேற. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல்ல இருந்து "ஃபார்முலா"ங்கிற வார்த்தைக்கே அர்த்தம் மாறிப் போச்சு. 2017-ல ஆர்.கே.நகர், 2019-ல வேலூர், ரெண்டு தேர்தலும் பணப் பட்டுவாடா புகார்ல ரத்தாச்சு. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருத்தன் சலிச்சுக்கிறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா இந்த வாரம் எனக்கு வேற ஒண்ணு புரிஞ்சுது. நானும் டவுன்ஸும் கணக்குப் போட்டது ஓட்டைப் பத்தி. கட்சிக்காரங்க கணக்குப் போடுறது லிஸ்ட்டைப் பத்தி.

எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி இருக்காரு. எந்தக் கட்சின்னு சொல்ல வேண்டாம். பல வருஷமா பூத் ஏஜென்ட். அவர்கிட்ட ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசினேன். ஓட்டு எண்ணி முடிச்சதும் ஃபாரம் 20-ன்னு ஒண்ணு வரும், ஒவ்வொரு பூத்லயும் யாருக்கு எவ்வளவுன்னு. யார் வேணும்னாலும் டவுன்லோட் பண்ணிப் பார்க்கலாம். அண்ணாச்சி அதை வச்சுக்கிட்டுத்தான் அடுத்த தேர்தலை ஆரம்பிப்பாராம். ஓட்டுப் பதிவு அன்னிக்கு அவர் கையில வாக்காளர் பட்டியல், ஸ்கேல், பேனா. ஒவ்வொருத்தர் போடப் போட கோடு. மூணு மணிக்கு மேல கோடு விழாத வீட்டுக்கு ஆள் போகும்.

"எங்க வீட்டுக்கு 2021-ல யாரும் வரலையே அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

"உங்க வீட்ல மூணு பேரும் காலையிலயே போட்டுட்டாவளே. நீயா? நீ வர மாட்டன்னு எங்களுக்குத் தெரியும்ல. லிஸ்ட்டுல உன்ன மாதிரிப் பயலுவ பேருக்கு நேரா பென்சில்ல 'வெ'ன்னு போட்டிருவோம். வெளியூர். 'வெ' போட்ட வீட்டுல அந்த நேரத்துல போய் கதவைத் தட்டுதது வேஸ்ட்டுல்லா."

பாருங்க, நான் ஓட்டுப் போடாம இருந்ததை ஒரு எதிர்ப்புன்னு நினைச்சுட்டு இருந்தேன். அவங்க ஷீட்ல அது வெறும் ஒரு எழுத்து. நானும் என் நாற்பத்தோரு நண்பர்களும் கோபமா இருக்கோமா, சோம்பேறியா இருக்கோமா, செத்துட்டோமான்னு அந்த எழுத்துல வித்தியாசம் தெரியாது. ஊர்ல படிச்ச பையன் வேலை தேடி சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏன் போகணும்னு தென்காசியில எந்த வேட்பாளரும் எங்ககிட்ட மெனக்கெட்டுப் பேசினதில்ல. ஏன் பேசணும்? எங்க பேருக்கு நேரா 'வெ' இருக்கு. பீடி சுத்துற அக்காக்களைப் பத்திப் பேசுவாங்க, ஏன்னா அவங்க வரிசையில நிப்பாங்க.

இந்த லிஸ்ட்டுங்கிற விஷயம் இருக்கே, அதோட சரித்திரம் கொஞ்சம் படிச்சேன். அமெரிக்காவுல கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை 1870-லயே அரசியல் சட்டத்துல வந்துருச்சு, பதினஞ்சாவது திருத்தம். ஆனா தென் மாகாணங்கள்ல எழுத்தறிவுச் சோதனை, ஓட்டு வரின்னு வச்சே அவங்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினாங்க. வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965-ல. 95 வருஷம் உரிமை பேப்பர்ல இருந்துச்சு, பேர்தான் லிஸ்ட்ல இல்ல. அந்த 537 ஓட்டு புளோரிடாவையே எடுத்துக்கோங்க. தேர்தலுக்கு முன்னாடி, குற்ற தண்டனை வாங்கினவங்களை நீக்குறோம்னு ஒரு பட்டியல் தயார் பண்ணாங்க. பேர் கிட்டத்தட்டப் பொருந்தினாலே பட்டியல்ல சேர்த்துட்டாங்க. ஒரு குற்றமும் பண்ணாதவங்க பூத்துக்கு வந்து "உங்க பேர் இல்ல"ன்னு கேட்டுத் திரும்பிப் போனாங்க. அதுல கறுப்பின மக்கள்தான் அதிகம். டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிற எனக்கு இது வயித்தைக் கலக்குது. ஸ்ட்ரிங் மேட்ச்சிங்ல அந்த மாதிரி லூசா ஒரு கண்டிஷன் போட்டு நானே புரொடக்ஷன்ல வாங்கிக் கட்டியிருக்கேன். எங்களுக்குப் போனது ஒரு சனிக்கிழமை.

நம்ம நாடு இதுல பெருமைப்படலாம். முதல் தேர்தல்லயே படிச்சவன் படிக்காதவன், ஆண் பெண் வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் ஓட்டு. ஆனா 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனப்போ, வட மாநிலங்கள்ல நிறைய பெண்கள் தன் பேரைச் சொல்ல மறுத்துட்டாங்க. இன்னாரோட மனைவி, இன்னாரோட மகள்னுதான் சொன்னாங்க. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பேர் இல்லாம சேர்க்க முடியாதுன்னு உறுதியா இருந்தாரு. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியல்ல இல்லாமப் போனாங்க. சென் பண்ணது சரியா தப்பான்னு எனக்குள்ள இன்னும் வாதம் ஓடுது. பேர் இல்லாம ஒரு பெண்ணை "மனைவி"ன்னு எழுதிக்கிறதும் அநியாயம். பேர் சொல்லக் கூடாதுன்னு வளர்க்கப்பட்ட ஒருத்தி, அதனாலேயே ஓட்டை இழக்கிறதும் அநியாயம்.

பக்கத்துல ராதாபுரம் இருக்கு, திருநெல்வேலி மாவட்டம். 2016-ல அதிமுகவோட இன்பதுரை, திமுகவோட அப்பாவுவை 49 ஓட்டுல ஜெயிச்சாரு. அங்க 203 தபால் ஓட்டு செல்லாதுன்னு தள்ளியிருந்தாங்க. காரணம், சான்றொப்பம் போட்ட நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் இருக்கா இல்லையாங்கிற சந்தேகம். போட்டவங்க யாரு? தேர்தல் டியூட்டிக்குப் போன அரசு ஊழியர்கள். தேர்தலை நடத்துறவங்களுக்கே ஃபாரம் புரியல. 2019-ல ஐகோர்ட் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டுச்சு, எண்ணவும் எண்ணினாங்க. முடிவை அறிவிக்க சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு. அந்தச் சட்டசபையோட காலமே முடிஞ்சு போச்சு.

இப்போ எஸ்.ஐ.ஆர்., சிறப்புத் தீவிரத் திருத்தம். நவம்பர் 4-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்சாங்க. முன்னாடி 6.41 கோடி பேர் இருந்த பட்டியல், வரைவுல 5.43 கோடி. சுமார் 97 லட்சம் பேர் இல்ல. அதுல இறந்தவங்க 27 லட்சம் பக்கம், ரெண்டு இடத்துல பேர் இருந்தவங்க மூணு லட்சத்துக்கு மேல. 66 லட்சம் பேர் என்னை மாதிரி, முகவரியில இல்லாதவங்க, இடம் பெயர்ந்தவங்க. கட்சிகள் ரெண்டு பக்கமும் கத்துது. செத்தவங்க பேர் லிஸ்ட்ல இருக்கக் கூடாது, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. எங்க தாத்தா 2018-ல இறந்தாரு, இந்த வருஷம் வரைக்கும் லிஸ்ட்ல இருந்தாரு. ஆனா ஒரு விஷயம் மாறியிருக்கு. இதுவரைக்கும் பேர் இருந்தா இருக்கும், எடுக்கணும்னா யாராவது காரணம் காட்டணும். இந்தத் தடவை ஃபாரம் திரும்பி வந்தாத்தான் பேர். நிரூபிக்கிற வேலை நம்ம பக்கம் வந்துருச்சு. அமெரிக்காவுல ரொம்ப காலமா இப்படித்தான், பதிவு பண்ணிக்கிறது உன் பாடு. அங்க சலிப்பு வந்தவன் பதிவே பண்ண மாட்டான். இங்க சலிச்சுக்கிட்டே இருந்தாலும் பேர் பாட்டுக்கு லிஸ்ட்ல இருக்கும், மனசு மாறினா பூத்துக்குப் போயிடலாம். அந்த வசதியைத்தான் நான் ஒரு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல தொலைச்சேன்.

சரி, ஃபாரம் 6 போட்டா திரும்பச் சேரலாம், ஜனவரி 18 வரைக்கும் டைம் கொடுத்திருந்தாங்க. சிம்பிள்னு லேப்டாப்பைத் திறந்தேன். முகவரிக் கட்டத்துல நின்னுட்டேன். எந்த ஊர் போடுறது?

1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுது, நீ சாதாரணமா வசிக்கிற இடத்துலதான் உனக்கு ஓட்டு. அங்க சொந்த வீடு இருக்குங்கிறது மட்டும் போதாது. தற்காலிகமா வெளிய போயிருந்தா அந்த உரிமை போகாது. அப்போ நான் போயிருக்கிறது தற்காலிகமா? 2022-ல இருந்து சோழிங்கநல்லூர்ல வாடகை வீடு, கேஸ் கனெக்‌ஷன், வாட்டர் கேனுக்கு மாசக் கணக்கு. இதை "தற்காலிகம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, பொய்த் தகவலுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதே சட்டத்துல 31-ஆவது பிரிவு இருக்கு.

காமெடி என்னன்னா, என் கிளாஸ்மேட் ஒருத்தன் துபாய்ல இருக்கான். எட்டு வருஷமாச்சு. அவனுக்குச் சட்டப்படி தென்காசியில ஓட்டு உண்டு! வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமகன் பாஸ்போர்ட்ல இருக்கிற முகவரியில ஃபாரம் 6ஏ போட்டு வாக்காளர் ஆகலாம். நேர்ல வந்துதான் போடணும், அவ்வளவுதான். கடல் தாண்டினவன் தென்காசிக்காரன். ராத்திரி பொதிகையில ஏறினா காலையில வந்து இறங்குற நான் சோழிங்கநல்லூர்க்காரன்.

தேர்தல் ஆணையம் இதை யோசிக்காம இல்ல. 2022 டிசம்பர்ல ரிமோட் ஓட்டு எந்திரம்னு ஒண்ணை அறிவிச்சாங்க. ஒரே பூத்ல 72 தொகுதி வரைக்கும் கையாளும், வெளியூர்ல இருந்தே சொந்தத் தொகுதிக்குப் போடலாம். அடுத்த மாசம் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டப் போனாங்க. எதிர்க்கட்சிகள் ஒத்துக்கல. யார் வெளியூர்னு எப்படி முடிவு பண்ணுவ, அங்க ஏஜென்ட் யாருன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதோட அந்தப் பேச்சு நின்னுபோச்சு.

இன்னொரு கணக்கும் உறுத்துது. 2021-ல சோழிங்கநல்லூர்ல கிட்டத்தட்ட 7 லட்சம் வாக்காளர்கள், தமிழ்நாட்டுலயே பெரிய தொகுதி. தென்காசியில 3 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ.தான். அப்போ இங்க இருந்து அங்க மாறினா என் ஓட்டோட எடை பாதிக்கும் கீழ போயிடும். கலிபோர்னியாக்காரன் வயோமிங்காரனைப் பார்த்துப் பொறாமைப்படுறது எனக்கு இந்த வாரம்தான் உறைச்சுது.

ரெண்டு நாள் இழுத்தடிச்சேன். நேத்து ராத்திரி சோழிங்கநல்லூர் முகவரியைப் போட்டு ஃபாரத்தை அனுப்பிட்டேன். தென்காசி தொகுதியில என் பேர் இனி இல்ல. வீட்ல சொன்னப்போ அம்மா ஒண்ணும் சொல்லல, தோசையைத் திருப்பிப் போட்டாங்க. ஆச்சிதான் கேட்டுச்சு. எழுபத்தெட்டு வயசு, முதல் ஓட்டு 1971-ல, அதுக்கப்புறம் ஒண்ணு விட்டதில்லன்னு சத்தியம் பண்ணும்.

"அப்போ இனி அங்கனதான் போடுவியா?"

"ஆமா ஆச்சி."

"அங்கன இப்போ எம்.எல்.ஏ. யாரு?"

எனக்குத் தெரியல. மூணரை வருஷமா அந்த ஊர்ல இருக்கேன், அந்த ரோட்டைத் திட்டி ரெண்டு எபிசோட் பண்ணியிருக்கேன். ஆச்சி முன்னாடியே போனை எடுத்துத் தேடினேன். எஸ். அரவிந்த் ரமேஷ், 2016-லயும் அவர்தான், 2021-லயும் அவர்தான். ஆச்சி பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துச்சு. "நல்லா செய்தாரா?"ன்னு கேட்டுச்சு.

அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. நாளைக்கு ராத்திரி பொதிகை, ஆர்.ஏ.சி.யில இருக்கு. அடுத்த எபிசோட் சென்னையில இருந்து. வரேன் மக்களே.